பக்கத்து வீட்டில் எங்கள் ஃபிரிட்ஜ்

ஆடிட் என்ற சொல்லை நான் முதன்முதலில் கேட்டது என் மாமாவின் வாயிலிருந்துதான். அம்மாவின் தம்பியான அவர் எங்கள் வீட்டிலேயே தங்கி, ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றுக்கு வேலைக்குப் போய்வந்தார். வெளியிலிருந்து பெரிய ஆட்கள் வந்து கம்பெனியைச் சுற்றிப் பார்ப்பதற்குத்தான் ஆடிட் என்று பெயராம். அவர்கள் வருவதற்கு முந்தைய நாள் வேலை நடக்கும் லைனில் கிடக்கும் உடைந்த டிராலி, ரிஜெக்ட் ஆன துண்டு துணுக்கு எல்லாவற்றையும் பின்பக்கத்து ஷெட்டில் தள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்களாம். சாப்பிட உட்கார்ந்தால் இதையெல்லாம் ஏதோ போருக்குப் போய் ஜெயித்து வந்தவர் மாதிரி சொல்லுவார்.

"அந்த ஷெட்டை அவங்க தொறந்து பார்க்க மாட்டாங்களா மாமா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அவங்க லைனைப் பார்க்க வந்தவங்க. ஷெட்டுல அவங்களுக்கு இன்னா வேலை?" என்றார்.

அந்தப் பதில் எனக்குச் சமாதானமாகவில்லை. நானாக இருந்தால் முதலில் ஷெட்டைத்தான் திறந்து பார்த்திருப்பேன். மூடியிருக்கும் எதையும் திறந்து பார்க்காமல் இருக்க முடியாத வயது அது.

அப்போது நாங்கள் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். நெல் விளைந்த நிலத்தில் பாதியைக் கம்பெனிக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்தில் தீப்பெட்டிகளை அடுக்கியதுபோல் வரிசையாக வீடு கட்டி வாடகைக்கு விட்டிருந்தார் ஓனர். அப்பா கம்பெனி பஸ் ஓட்டினார். அம்மா சுங்குவார்சத்திரம் பக்கத்தில் செல்போன் செய்யும் கம்பெனியில் லைனில் நின்றாள். பக்கத்து வீட்டில் ஓர் அத்தை. சொந்தமெல்லாம் இல்லை; நடுவில் ஒரே சுவர், அதனால் அத்தை. அவளுடைய மகள் யாமினியும் நானும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

தினமும் நாங்கள் பள்ளிக்கு நடந்து போகையில் ஒரு மஞ்சள் பஸ் எங்களைத் தாண்டிப் போகும். ஒரகடம் ரோட்டில் நீளமான மதில் வைத்த தனியார் பள்ளிக்கூடத்தின் பஸ் அது. அந்த மதிலுக்குள் என்னதான் இருக்கிறது என்று நானும் யாமினியும் பேசாத நாள் கிடையாது. நீச்சல் குளம் உண்டு என்பாள் அவள். குதிரையே உண்டு என்பேன் நான். அந்த வருடம் மதிலே கொஞ்சம் திறந்தது. பணம் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் சிலரை ஆறாம் வகுப்பிலிருந்து இலவசமாகப் படிக்க வைக்கப் போகிறோம் என்று அந்தப் பள்ளியிலிருந்து ஆள் வந்து சொன்னார்கள். அங்கே முன்பு படித்தவர்களும் ஏதோ ஒரு கம்பெனியும் சேர்ந்து அதற்குப் பணம் கொடுக்கிறார்களாம். பரீட்சை வைத்தார்கள். நாங்கள் இரண்டு பேருமே தேறிவிட்டோம். இனி பாக்கி ஒன்றே ஒன்றுதான், வீடு பார்க்க வருவார்கள் என்றார்கள். எங்கள் வீட்டுக்கு இந்த ஞாயிறு, யாமினி வீட்டுக்கு அடுத்த ஞாயிறு.

வீட்டில் போய் எதைப் பார்ப்பார்கள்? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. பெண் பார்க்க வருவார்கள், தெரியும். மீட்டர் பார்க்க வருவார்கள், அதுவும் தெரியும். படிக்கிற பிள்ளைக்கு வீட்டை எதற்குப் பார்க்க வேண்டும்? உட்கார்ந்து படிக்க ஒரு மூலை இருக்கிறதா என்று பார்ப்பார்களாக இருக்கும் என்றாள் யாமினி. அது நியாயமாகப் பட்டதால் இருவரும் அவரவர் வீட்டில் ஆளுக்கொரு மூலையைப் பெருக்கித் துடைத்துப் பாய் போட்டு வைத்தோம்.

மாமாவுக்குத்தான் விஷயம் சட்டென்று புரிந்தது. "நாம வசதி இல்லாதவங்கதானான்னு பார்க்க வர்றாங்கக்கா. இது ஆடிட்டு" என்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டை ஒரு சுற்றுச் சுற்றினார். சுவரில் டிவி. வாசலில் அவருடைய பைக். சமையல் மூலையில் சிவப்பு ஃபிரிட்ஜ். அந்த ஃபிரிட்ஜ் அம்மாவின் போனஸில் வந்தது. அம்மா தன் கையால் சம்பாதித்து வாங்கிய முதல் பெரிய பொருள் என்பதால் தினமும் துடைப்பாள். அதன் கதவில் நான் ஒரு மயில் ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தேன்.

"இந்த மூணும் கண்ணுல பட்டா சீட்டு போச்சு" என்றார் மாமா.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "களவாண்டா வச்சிக்கினு கீறோம்? நின்னு நின்னு காலு வீங்கி வாங்குனதுடா. இருக்கறதைப் பார்த்துட்டுப் போவட்டும்."

"பார்க்கட்டும். அப்புறம் உம் பொண்ணு அந்த மஞ்ச பஸ்ஸை வேடிக்கை பார்த்துக்கினே நிக்கட்டும்."

அம்மா என்னைப் பார்த்தாள். வேலை செய்யும் இடத்தில் இங்கிலீஷில் யாராவது ஏதாவது கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கிறது என்று அப்பாவிடம் அவள் சொல்லிக்கொண்டிருந்ததை நான் கேட்டிருக்கிறேன். என் மகளுக்கு அது வேண்டாம் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. அவளே போய் டிவியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

சாமான்களை எங்கே கொண்டுபோய் வைப்பது? "பக்கத்து வூட்லதான் இடம் கீது" என்றார் மாமா. உண்மைதான். அத்தையின் வீட்டில் இடத்துக்குப் பஞ்சமே இல்லை. அத்தையின் வீட்டுக்காரருக்குக் காண்டிராக்ட் வேலை. அது முடிந்து, மறுபடி யாரும் கூப்பிடவில்லை. வீட்டில் இருந்த பழைய டிவியும் எப்போதோ கைமாறிவிட்டது.

"எங்க வூட்ல ஒளிச்சு வைக்க இன்னா கீது? உங்களுதையாவது கொண்டாந்து வைங்க" என்று சிரித்தாள் அத்தை.

ஞாயிறு காலையில் மாமாவும் கூட்டாளிகளும் ஃபிரிட்ஜைத் தூக்கிப் போனார்கள். பாலும் மாவும் கெட்டுப்போகும் என்று அங்கேயே பிளக்கையும் சொருகினார்கள். எனக்கும் யாமினிக்கும் கொண்டாட்டம். கதவைச் சாத்தியதும் உள்ளே விளக்கு அணைகிறதா இல்லையா என்று விரலளவு திறந்து வைத்து மாறி மாறிக் கண்ணை வைத்துப் பார்த்தோம். கடைசிவரை தெரியவில்லை.

வீடு பார்க்க ஒரு மேடமும், நரைத்த தலையோடு ஒரு சாரும் வந்தார்கள். எங்கள் வீடு துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. டிவி இருந்த இடத்தில் மட்டும் சுவர் புதுப் பெயிண்டோடு சதுரமாகப் பளிச்சென்று தெரிந்தது. அதன்மேல் மாமா காலண்டரை மாட்டியிருந்தார். நான்கு பக்கமும் பெயிண்ட் பிதுங்கிக்கொண்டிருந்தது. மேடம் என்னைப் படிக்கச் சொன்னார், படித்தேன். என் மூலையைக் காட்டினேன், தலையாட்டினார். எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. டீயும் குடித்தார்கள். அதற்கான பாலை மட்டும் நான் ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டிலிருந்து வாங்கிவந்தேன். நம் வீட்டுப் பாலை அடுத்த வீட்டில் கேட்டு வாங்குவது எனக்கு வேடிக்கையாக இருந்தது.

எழுந்த மேடம் வாசலில் நின்று சாரிடம் சொன்னார்: "யாமினி வீடும் இதே காம்பவுண்டுதான் சார். வந்தது வந்துட்டோம், அதையும் பார்த்துட்டே போயிடலாமே?"

மாமாவின் முகம் செத்துவிட்டது. "அவங்களுக்கு அடுத்த வாரம்னு சொன்னீங்களே மேடம்" என்றபடி குறுக்கே போனார். "பரவாயில்லைங்க, ரெண்டு நிமிஷம்தான்" என்று மேடம் நடந்துவிட்டார். நானும் பின்னாலேயே ஓடினேன். எதைப் பார்க்கிறார்கள் என்று இந்தத் தடவையாவது கண்டுபிடித்துவிட வேண்டும் எனக்கு.

அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். வாசலில் மாமாவின் பைக். உள்ளே சுவரோரமாகச் சாய்த்து வைத்த டிவி. பக்கத்தில் உறுமிக்கொண்டிருக்கும் சிவப்பு ஃபிரிட்ஜ். யாமினி தன் மூலையைக் காட்டினாள். அந்த மூலையை யாரும் பார்க்கவில்லை.

"வீட்டுக்காரருக்கு வேலை இல்லைன்னு சொல்லியிருந்தீங்களே?" என்றார் மேடம். அப்புறம் ஃபிரிட்ஜைப் பார்த்துக்கொண்டே, "இதெல்லாம் உங்களோடதா?" என்று கேட்டார்.

அத்தை வாசலைப் பார்த்தாள். அங்கே அம்மா நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். பிறகு அத்தை என்னைப் பார்த்தாள்.

"எங்களோடதுதான் மேடம்" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மயில் என்னையே பார்க்கிறது. அது யார் ஒட்டியது? சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அத்தை டப்பாவிலிருந்து ஒரு கடலை உருண்டையை எடுத்து, "சாப்பிடு கண்ணு" என்று என் வாயில் திணித்துவிட்டாள். பெரிய உருண்டை. நான் அதை மென்று முடிப்பதற்குள் கார் போய்விட்டது.

அன்று சாயங்காலம் அம்மா புடவை மாற்றிக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள். அத்தை வந்து அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "போய்ச் சொன்னா ரெண்டுக்கும் இல்லாம பூடும்க்கா" என்றாள். அம்மா அத்தையின் தோளில் சாய்ந்து அழுதாள். ஃபிரிட்ஜ் கைவிட்டுப் போய்விட்டதே என்றுதான் அம்மா அழுகிறாள் என்று நினைத்தேன். எனக்கும் அழுகை வந்தது.

எனக்கு இடம் கிடைத்தது. யாமினிக்குக் கிடைக்கவில்லை. மாமா பைக்கையும் டிவியையும் எடுத்துவந்தார். ஃபிரிட்ஜைத் தூக்கப் போனவரை அம்மா தடுத்து, "அது அங்கயே இருக்கட்டும்" என்றாள். "எங்களுக்கு எதுக்குக்கா, கரண்டு பில்லு எவன் கட்றது?" என்று அத்தை எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அம்மா அசையவில்லை. அதற்குப் பிறகு சாப்பிடும்போது மாமா ஆடிட்டைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

மஞ்சள் பஸ்ஸுக்கு நான் நிற்கும்போது யாமினி தன் வீட்டிலிருந்து சில்லென்று ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுப்பாள். கொடுத்துவிட்டு, உள்ளே குதிரை இருக்கிறதா என்று கேட்பாள். இல்லை என்று சொன்னாலும் மறுநாள் திரும்பக் கேட்பாள். பஸ் வந்ததும் அவள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடக்க ஆரம்பிப்பாள். பாட்டிலை வாங்கும்போதெல்லாம் இது எங்கள் ஃபிரிட்ஜின் தண்ணீர்தானே என்று எனக்குள் பொருமிக்கொண்டே இருந்தது.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அம்மாவிடம் கேட்டேவிட்டேன். "அது நம்ம ஃபிரிட்ஜுதானேம்மா? எப்பம்மா வாங்கினு வருவே?"

அம்மா என் தலையைப் பின்னிக்கொண்டிருந்தாள். "அத்தைதான் அன்னிக்கே சொன்னாங்களே, அவங்களோடதுன்னு" என்றாள்.

யார் எதைச் சொன்னாலும் நம்பிவிடுகிறாளே, நம் அம்மா இப்படி ஓர் ஏமாளியாக இருக்கிறாளே என்று அந்த வயதில் எனக்கு அவள்மேல் பரிதாபமாக இருந்தது.