அக்கா காக்கும் மலைவாசல்

பிள்ளைகளா, வியாழக்கிழமை கோவில்பட்டி ஸ்டேஷனில் நீங்கள் கையசைத்து அனுப்பிய ரயில் மறுநாள் ராத்திரி என்னைப் புனேயில் இறக்கிவிட்டது. சனிக்கிழமை காலை பஸ்ஸில் மலையடிவாரம் போய்ச் சேர்ந்தேன். நம்ம கரிசலைக் கல்லாக்கி அடுக்கினது போல மலை முழுக்கக் கறுப்பு. சுங்கச்சாவடி தாண்டினால் பழைய சுரங்கப்பாதை. வாசலில் லாரிகள் வால்பிடித்து நிற்கின்றன. அது போதவில்லை என்றுதான் பக்கத்திலேயே புதுசாக ஒன்று, மூன்று லாரி ஒன்றாகப் போகிற அகலத்தில் வெடி வைத்துக் குடைகிறார்கள்.

அந்தப் புதுப்பாதைக்குப் பாதுகாப்பு அதிகாரி உங்க மாரீஸ்வரி அக்கா. வேலை செய்கிறவர்களின் குடும்பம் உள்ளே போய்ப் பார்க்க அன்று ஒரு நாள் மட்டும் அனுமதி. அதற்காகத்தான் நான் அவ்வளவு தூரம் போனது.

கேட்டில் காவலாளி என் மஞ்சப்பையைத் திறந்தார். கடலைமிட்டாய், அதற்கடியில் ஒரு பண்டல் தீப்பெட்டி. நம்ம ஊர்க்காரன் எங்கே போனாலும் அந்த ரெண்டும் இல்லாமல் போவானா? அவர் விசில் ஊதிவிட்டார். மஞ்சள் தொப்பியோடு அக்கா வந்தாள். பண்டலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பா, பையில தீப்பெட்டி இருந்த ஆளு இன்னைக்கு உள்ள வரக்கூடாது."

"இங்கன வச்சிட்டு வாரேம்மா."

"உங்க கேட்டுல, பீடியத் தூரப் போட்டுட்டு வாரேன்னா விடுவீயளா?"

விடமாட்டேன். தீப்பெட்டி யூனிட் வாசலில் காவலுக்கு நிற்கிறவன் நான். காதில் பீடி செருகி வந்த உங்க மாமாவையே அன்றைக்குச் சம்பளம் இல்லாமல் திருப்பி அனுப்பினேன். தீபாவளி வரைக்கும் அவர் நம்ம வீட்டுப் பக்கம் வரவில்லை. ஆக, மரத்தடியில் போய் உட்கார்ந்தேன். மற்றக் குடும்பங்கள் வேனில் ஏறி உள்ளே போயின.

மத்தியானம் அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கடலைமிட்டாயை உடைத்து எனக்குப் பாதி தந்தாள்.

"கோவமாப்பா?"

"உங்க மாமன் கேட்டா ரெண்டு நாளு சிரிப்பான்" என்றேன். அவள் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சுரங்கத்துக்குள்ளிருந்து உங்களுக்கென்று எடுத்து வந்த ஒரு கறுப்புக்கல்லைக் கொடுத்தாள்.

திரும்பும்போது கயத்தாற்று டிரைவர் ஒருவரின் வெங்காய லாரியில் இடம் கிடைத்தது. சுங்கம் கழிந்து பழைய பாதைக்குள் நுழைந்தோம். தலைக்கு மேலே விளக்குகள் ஓடின. மலைக்கு அந்தப் பக்கம் வெயிலில் வந்து விழும்போது, மேடு பள்ளம் இல்லாத நம்ம கரிசல்காட்டில் பிறந்த பிள்ளையா இந்த மலைக்குள் உத்தரவு போடுகிறாள் என்று நெஞ்சு நிறைந்தது. டிரைவரிடம் எல்லாம் சொன்னேன்.

"என்ன அண்ணாச்சி, மக பெரிய அதிகாரிங்கீய. ஒம்மையவே உள்ள விடலையே?"

"விடல" என்றேன். "அதான் அதிகாரி."