இரண்டும் இடது கை

அந்தத் தையற்கடையில் எல்லாரும் அவளை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தாறு வருடமாகக் கத்திரி பிடித்த கை. கண்ணைக் கட்டிவிட்டாலும் கோட்டு வெட்டுவாள் என்று பேர். அப்படிப்பட்டவள் அன்றைக்கு ஒரே அளவுச் சீட்டை நாலு தடவை படித்தாள். பதினேழரை என்று வாய் சொல்லும். சாக்குக்கட்டியை எடுப்பதற்குள் பதினேழா பதினெட்டா என்று குழம்பிவிடும்.

காரணம் இல்லாமல் இல்லை. காலை பத்து மணிக்கு அவளுடைய அக்காவை வயிற்றுக் கட்டி ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். தாய் இல்லாத வீட்டில் இவளுக்குத் தலைவாரி வளர்த்தவள் அந்த அக்காதான்.

"நீ இங்க உக்காந்து என்ன பண்ணப் போற? போய் வேலையைப் பாரு, முடிஞ்சதும் போன் பண்றேன்" என்று அத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து துரத்திவிட்டார்.

வேலையைப் பார்த்தாளாம்! கண் துணியில், காது போனில். புத்தி எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை.

பன்னிரண்டரைக்குக் கோட்டின் கைத்துண்டுகளை அருகருகே வைத்துப் பார்த்தாள். எப்போதும் துணியை மடித்துப்போட்டு வெட்டுவாள். வலதும் இடதும் தானாக வந்துவிடும். இன்று விரித்துப்போட்டு, கை அளவுக்கான அட்டையை ஒரே வாட்டத்தில் இரண்டு தடவை வைத்து வெட்டியிருக்கிறாள்.

"ரெண்டும் இடது கை" என்றாள். மீதித் துணி ஒரு சாண்கூட இல்லை.

"நீங்களா மாஸ்டர்?" பொத்தான் தைக்கிறவர் ஊசியோடு எழுந்து வந்தார். பேயறைந்த மாதிரி இருவரும் நின்றபோது போன் அடித்தது.

"முடிஞ்சிருச்சு. கண்ணு முழிச்சுட்டா" என்றார் அத்தான்.

"ரெண்டும் இடது, அத்தான்."

"என்னது?"

"ஒண்ணுமில்ல. அக்கா பேசினாளா?"

"பேசினா. நீ சாப்பிட்டியான்னு கேட்டா."

போனை வைத்துவிட்டு ஓவென்று அழுதாள். அழுது முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, ஒரு துண்டை எடுத்துச் சும்மா திருப்பிப்போட்டாள். வலது கை! அந்தத் துணிக்கு உள்பக்கம் வெளிப்பக்கம் என்று எதுவும் கிடையாது. போன வாரம் துணி கொடுத்தவரிடம் அதைச் சொன்னதே இவள்தான்.

"அப்ப தப்பே நடக்கலையா?" என்றார் பொத்தான்காரர்.

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்றுகூடத் தெரியவில்லை.

"காலையிலேர்ந்து நான் எங்க இருந்தேன்?"

"இங்கதான் மாஸ்டர், என் கண்ணு முன்னாடி."

"இல்ல" என்றாள்.