புரட்டாசியில் வந்த பாஷாணம்

நானும் என் வீட்டுக்காரரும் ஒரே பீங்கான் பட்டறையில் வேலை. நான் பொம்மைக்குப் பிசிறு சீவுவேன். அவர் கிளேஸ் முக்குவார். பொம்மை சூளைக்குப் போகும் முன் அதைப் பளபளப்புக் குழம்பில் முக்கி எடுக்கும் வேலை. அதில் கெட்டிக்காரர். வேறு வேலை கொடுத்தால் முகம் தொங்கிவிடும்.

புரட்டாசியில் பட்டறைக்கு மருத்துவ முகாம் வந்தது. கிளேஸ் தொடுகிறவர்களிடம் சிறுநீர் வாங்கினார்கள். அவருடையதில் ஆர்சனிக் அதிகம் என்று வந்தது. டாக்டரம்மா எங்களைக் கூப்பிட்டு, மீன், நண்டு ஏதாவது சாப்பிட்டாரா என்று அவரைக் கேட்டார். நான்தான் பதில் சொன்னேன்.

"புரட்டாசி மாசம்ங்க. எங்க வூட்டுல கவிச்சியே இல்ல."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எப்போதும் அப்படித்தான். நான் கண்டுகொள்ளவில்லை.

அப்படியென்றால் கிளேஸிலோ குடிக்கிற தண்ணீரிலோ இருக்கலாம், எந்த வகை ஆர்சனிக் என்று பிரித்துப் பார்க்கச் சென்னைக்கு அனுப்புகிறேன் என்றார் டாக்டரம்மா. எடுத்து வைத்திருந்த அதே சிறுநீர் போயிற்று. முடிவு வரும்வரை கிளேஸ் பக்கம் வராதே என்று முதலாளி அவரிடம் சொல்லிவிட்டார். பொம்மைக்கு வைக்கோல் சுற்றி அடுக்கும் வேலையில் போட்டார்கள். முகம் தொங்கியது.

ஆர்சனிக் என்றால் என்ன என்று பட்டறையில் யாரோ கேட்க, யாரோ பாஷாணம் என்றார்கள். திட்டக்குடிப் பக்கம் மங்களூரில் இருக்கும் என் நாத்தனார் காதுக்குப் போகும்போது அது எலிப் பாஷாணம் ஆகிவிட்டது. என் வீட்டுக்காரருக்கு அக்கா. அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். நேராக அடுப்படிக்குப் போய்ச் சட்டிபானை எல்லாவற்றையும் கழுவிக் கவிழ்த்தார்.

"இனிமே தம்பிக்கு நான் ஆக்கிப் போடறேன். நீ செத்த ஒக்காரு."

எதிர்வீட்டுக்காரி, உப்பு என்று நினைத்து வேறு எதையாவது போட்டுவிட்டாயா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள். நானும் சிரித்தேன். என் வீட்டில் நான் தட்டை நீட்டிச் சோறு வாங்கினேன்.

முடிவு வந்தது. டாக்டரம்மா சிரித்த முகமாக இருந்தார். சிறுநீரை ஒரு குழாய் வழியாக விட்டால் ஒவ்வொரு வகை ஆர்சனிக்கும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வருமாம். தெரிந்த சரக்கையும் விட்டு ஒத்துப் பார்ப்பார்களாம். இவருடையதில் கிட்டத்தட்ட எல்லாமே ஆர்சனோபீட்டைன். அந்தப் பெயர் வாயில் நுழைய எனக்கு நாளாயிற்று. ஆர்சனிக் கார்பனோடு சேர்ந்து வேறு பொருளாகிவிட்டது, உடம்பு அதை உடைக்காது, வந்தபடியே வெளியே தள்ளிவிடும் என்றார். எனக்குப் புரிந்தது. பச்சைப் பொம்மையைத் தண்ணீரில் போட்டால் கரைந்துவிடும். சுட்ட பொம்மை அப்படியே கிடக்கும். மண் ஒன்றுதான்.

"பயமே இல்ல. நாளைக்கே கிளேஸ் முக்கலாம். இது எறா, நண்டு சாப்ட்டா வர்றது."

அப்போதுதான் அவருக்குப் பயம் வந்தது.

வெளியே வந்து கேட்டேன். பரங்கிப்பேட்டைக்குப் பொம்மை லோடு இறக்கப் போனபோது என்றார். முகாமுக்கு முந்தின நாள்.

"ஒங்க அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க," என்றேன்.



சொன்னார். அடுப்படி வாசலில் நின்று, தரையைப் பார்த்து, விரதத்தில் இறால் தின்றதை. நாத்தனார் அவரையே பார்த்தார்.

"வறுத்ததா, கொழம்பா?"

"வறுத்தது."

"மாசம் போவட்டும். எனக்கும் வாங்கியா."

பிறகு அடுப்பு முன்னாலிருந்து எழுந்து எனக்கு இடம் விட்டார். பருப்பு வேகிறது, பார்த்துக்கொள் என்றார்.