ஒரு ரூபாய்க்குக் கோபித்துக்கொண்டு போன வழி

எண்ணூர்த் தோப்பின் வாசலிலிருந்து கோபத்தோடு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். உள்ளே இரவு தங்க, ஐந்து பேர் வந்த காருக்கும் ஒரு ரூபாய், ஒற்றை ஆளான எனக்கும் ஒரு ரூபாய்.

“ரெண்டு சக்கரந்தானே நைனா?” என்றேன்.

“மோட்டார் கீதில்ல? எடு,” என்றார் வாசல்காரர்.

காசில்லாமல் தங்கலாமென்று கழிமுகக் கரையில் இறங்கினேன். காய்ந்த மண் என்று நினைத்தது சேறு. தள்ளத் தள்ள வண்டியோடு நானும் இடுப்புவரை புதைந்தேன். கடல்நீர் ஏறிக்கொண்டிருந்தது.

இறால் பிடித்துக்கொண்டிருந்த கத்திவாக்கத்து அம்மா ஒருத்தி கயிற்றை வீசினாள். “வண்டிய வுடுய்யா, உன்னியும் இட்டுகினு போவுது!”

விட்டேன். வண்டி போனது, நான் கரையேறினேன்.

மறுநாள் காலை, ஊர் திரும்ப வண்டியில்லாமல், சேறு காய்ந்த வேட்டியோடு அதே தோப்பு வாசலில் சீட்டுக் கிழிக்கும் வேலையில் சேர்ந்தேன். கட்டணத்தைக் குறைக்க எனக்கு அதிகாரமில்லை. கோபித்துத் திரும்பும் மோட்டார் சைக்கிள்காரர்களை மட்டும் கூப்பிட்டு, கழிமுகப் பக்கம் போகவேண்டாம் என்று சொல்லியனுப்புகிறேன்.