திரை வேண்டாத கணினி

போன மாதம் ஈப்போவில் ஒரு கணினிக் கடைக்குப் போனோம். நான், என் தங்கை மகள் மல்லிகா, அவள் கணவர் சேகர். மல்லிகாவுக்குப் பார்வை போய் ஆறு வருடம் ஆகிறது. கோப்பெங்கிலிருந்து வரும் வழியெல்லாம் எனக்கு ஒரே கவலை. கார் நிறுத்த இடம் கிடைக்குமா? கடை வாசலில் எத்தனை படி? மூன்று. எண்ணிவிட்டேன்.

கடைப் பெண் என்னைப் பார்த்துக் கேட்டார்: "அவங்களுக்கு எந்த மாதிரி வேணும், அங்கிள்?"

"அவங்க இங்கதான் நிக்கிறாங்க. அவங்களயே கேளும்மா," என்றாள் மல்லிகா.

சேகருக்குப் பெரிய தொடுதிரைக் கணினி மேல் கண்.

"வீட்டுல எல்லாருக்கும் ஆகும். உனக்கு வர்ற மெசேஜ நாங்க படிச்சுச் சொல்லுவோம்லா, எப்பவும் போல."

"அதான் தொல்லையே. என் தங்கச்சி எனக்கு எழுதுறத நீங்க முதல்ல படிச்சுச் சிரிச்சிட்டு, அப்புறம் எனக்குப் பாதிதான் சொல்றீங்க."

ஆறு வருடமாக அவளுக்கு வரும் ஒவ்வொரு வரியும் இன்னொருவர் வாய் வழியாக... எங்களில் யாருக்காவது இது உறைத்ததா?

"எல்லாத்தயும் அணைச்சு வைங்க. நானே போட்டுப் பாக்குறேன்," என்றாள் கடைப் பெண்ணிடம். " யாரும் எனக்கு உதவி செய்யக் கூடாது. மாமா, உங்களயும் சேத்துத்தான்."

பெரிய கணினியைத் தடவினாள். எங்கே தொட்டாலும் ஒரே வழவழப்பு. "இதுக்கு எனக்கு ஆள் வேணும்," என்று நகர்ந்துவிட்டாள்.

அடுத்து ஒரு சின்ன மடிக்கணினி. விரலுக்குத் தட்டுப்படும் மேடான விசைகள். ஓரத்தில் பட்டனைத் தேடி அழுத்தினாள். காத்திருந்தாள். 'கொஞ்சம் இடப்பக்கம்' என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. அடக்கிக்கொண்டேன். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினாள் — கணினி பேசியது, திரையில் இருந்ததைப் படித்து.

"இது போதும்," என்றாள்.

"திரை சின்னதா இருக்கே," என்றார் சேகர்.

"அது உங்க கவலை."

என்ன தெளிவு! நானாக இருந்தால் நிறத்தைப் பார்த்து வாங்கியிருப்பேன். தமிழ்க் குரலையும் கடைப் பெண்ணே சேர்த்துக் கொடுத்தார்.

நேற்று சேகர் போன் செய்தார்.

"மாமா, அவ காதுல இயர்போன மாட்டிக்கிட்டு, திரைய இருட்டாக்கி வச்சிட்டு, ஒரு மணி நேரமா என்னமோ அடிச்சா. யாருக்கு எழுதுனான்னே தெரியலலா. நடுவுல சிரிப்பு வேற."

"எனக்கென்ன தெரியும், மாப்பிள்ளை?" என்றேன்.

மின்னஞ்சல் எனக்குத்தான் வந்திருந்தது. முழுக்க முழுக்க அவரைப் பற்றி.

நல்ல வேளை, நான் பத்திரிகையில் எழுதும் இந்தப் பக்கத்தைச் சேகர் படிப்பதில்லை.