மனுவில் எழுதாத புல்லுக்கட்டு

பதுளையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளாக்கராகச் சேர்ந்தபோது எனக்கு நாற்பது வயது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மரக்கறி லொறி, கொழும்பில் சாப்பாட்டுக் கடை என்று சுற்றிவிட்டு வந்தேன். சிங்களம் எழுதத் தெரிந்ததால் வேலை கிடைத்தது. பொலிஸ் கவனிக்காத காணிச் சண்டைகளுக்கு மனு எழுதுவதில் எனக்குப் பெயர் உண்டு. அந்தப் பெயரால் கெட்டது செல்லம்மாக்காவின் காணி.

அக்கா பசறைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். தோட்டத்துக்கு வெளியே ஒரு வீடு கட்டும் அளவுக்குப் பதினைந்து பேர்ச் காணி வாங்கியிருந்தார். அவர் பெயரில் உறுதிப் பத்திரமும் இருந்தது. பக்கத்துக் காணிக்காரரான லொறி முதலாளி அதை வளைத்து வேலி அடித்துவிட்டார். மனு எழுத அக்கா என்னிடம் வந்தார்.

“பொலிஸ்ல என்னா சொல்றாங்க?”

“ரெண்டு பேரு காணிச் சண்டையாம், கோர்ட்டுக்குப் போகணுமாம். மூணாந்தடவ போனா, ‘என்னம்மா, இங்கயே குடிவந்துட்டீங்களா’ன்னு சிரிக்கிறாங்க தம்பி.”

“காணிக்குள்ள போக முடியுதா?”

“ஏன் முடியாம? ஓடப்பக்கம் வேலி இல்ல. தெனமும் காலையில பூந்து மாட்டுக்குப் புல்லு அறுத்துட்டு வாறேன்.”

“அத வெளிய சொல்லாதீங்கக்கா. புல்லு அறுக்கிறீங்கன்னா பொலிஸ் மேல என்னா குத்தம்னு கேப்பாங்க.”

வேலியடித்த அன்றே அவரைப் பலவந்தமாக வெளியேற்றினார்கள், அதன்பிறகு உள்ளே கால் வைக்க விடவில்லை என்று மனுவில் எழுதினேன். எழுதியதெல்லாம் உண்மை என்று அவர் சத்தியம் செய்யும் சத்தியக்கடதாசியும் அப்படியே. தமிழில் வாசித்துக் காட்டியபோது அக்கா தயங்கினார். “கோர்ட்டுக்கு இப்பிடித்தான் எழுதணும்” என்றேன். கையெழுத்து வைத்தார்.

பொலிஸ் நடவடிக்கை எடுக்க உத்தரவிடும்படி மேல் நீதிமன்றத்தில் கேட்டோம். சில தவணை விசாரணைகளுக்குப் பிறகு மனு தள்ளுபடியானது. இது தனியார் பிணக்கு, நீங்களே நேராக நீதவான் நீதிமன்றத்துக்குப் போகலாமே என்றார்கள்.

அங்கே போனோம். அங்கே உறுதியைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. வழக்குப் போடும் நாளில் காணி யார் கையில் இருந்தது, பறிபோயிருந்தால் அது அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் நடந்ததா என்பதுதான் கேள்வி. அதற்குள் வேலியடித்து நான்கு மாதம் ஓடியிருந்தது. அதனால் காணி இன்னும் அக்கா கையில்தான் என்று காட்ட, அவர் தினமும் புல் அறுப்பதை இந்தத் தடவை எழுதினோம். எதிர்த்தரப்பு லோயர் எங்கள் பழைய சத்தியக்கடதாசியை எடுத்து நீட்டினார். கால் வைக்கவே விடவில்லை என்று இவரே சத்தியம் செய்திருக்கிறாரே என்றார்.

அக்கா எழுந்து நின்றார். “இன்னைக்கும் அறுத்துட்டுத்தான் வந்தேன், தொரை.”

உட்காரச் சொன்னார்கள்.

மாவட்ட நீதிமன்றம் உரிமையைத் தீர்க்கும்வரை அக்கா உள்ளே போகக்கூடாது என்று கட்டளை வந்தது. அதை நிறைவேற்றப் பொலிஸ் மறுநாளே வந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, முதலாளியின் ஆட்கள் ஓடைப்பக்கமும் வேலி அடித்தார்கள்.

அக்கா ஏசுவார் என்று காத்திருந்தேன். “நான் சொன்னதயே எழுதியிருக்கலாமே தம்பி” என்றார். அவ்வளவுதான்.

மாவட்ட நீதிமன்ற வழக்கு இன்னும் நடக்கிறது. அக்கா மாட்டை விற்றுவிட்டார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இன்று காலை அந்தக் காணியில் என்ன செய்தீர்கள் என்று முதலில் கேளுங்கள். சொன்னதைக் கூட்டாமல் எழுதுங்கள். வாசித்துக் காட்டும்போது அவர் தயங்கினால் பேனாவைக் கையில் கொடுக்காதீர்கள்.