ஜாக்கை விட ராசா பெரிசா?

சுனாமிக்கு அடுத்து வந்த தைப்பொங்கல் பொங்காமலே போயிற்று. கல்குடாக்காரர் நாங்கள் அப்போது வாழைச்சேனைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் முகாமில் இருந்தோம்.

அக்காவைக் கடல் கொண்டுபோய்விட்டது. அத்தான் மகளைத் தூக்கிக்கொண்டு ஓடி ஒரு மதிலில் ஏற்றிவிட்டுத் திரும்பியிருக்கிறார், அக்காவைக் காணவில்லை. அன்றிலிருந்து அவர் வாயில் வந்தது ஒரே வார்த்தைதான்: "எல்லாம் போச்சு." பெற்ற பிள்ளை முன்னால் நிற்கிறாள், எல்லாம் போச்சாம்! எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளை அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு சிறுவர் இல்லத்தில் விட்டுவிடவும் சம்மதித்துவிட்டார். நான் கெஞ்சியும் பார்த்தேன், ஏசியும் பார்த்தேன். அசையவில்லை. மறுநாள் காலை அவளை ஏற்றிப்போக இல்லத்து வான் வருவதாக இருந்தது.

அன்று பின்னேரம், முகாமில் ஆண்கள் கூடி இருந்தார்கள். கொழும்பில் ஒரு கசினோவில், சூதாட வருகிறவர்களுக்குக் காட்ஸ் என்கிற சீட்டுப் போடுகிற வேலை பார்த்த ஒருவர், தன் ஆட்களைத் தேடி வந்து எங்களோடு தங்கியிருந்தார். அவர்தான் ஒரு புது விளையாட்டுச் சொல்லிக்கொடுத்தார். சீனாக்காரர் கட்டைகளை வைத்து ஆடியதிலிருந்து வந்ததாம். ஆளுக்கு ஏழு காட்ஸ். அதை ஐந்தாகவும் இரண்டாகவும் பிரித்து, ஐந்தைப் பின்னாலும் இரண்டை முன்னாலும் வைக்க வேண்டும். பின்னால் இருப்பதுதான் பலமாக இருக்க வேண்டும். காட்ஸ் போடுகிறவரும் அப்படியே வைப்பார். முன்னுக்கு முன், பின்னுக்குப் பின் ஒப்பிட்டுப் பார்ப்பது. பந்தயம், நிவாரணத்தில் கிடைத்த பிஸ்கட்.

எங்கள் ஆட்களுக்குத் தெரிந்ததெல்லாம் முந்நூற்றிநாலு என்கிற காட்ஸ் ஆட்டம்தான். அதில் ஜாக்குத்தான் எல்லாவற்றுக்கும் மேல், அடுத்தது ஒன்பது. ஆகவே ஆளாளுக்கு ஜாக்கையும் ஒன்பதையும் முன்னால் வைத்து மீசையை முறுக்கினார்கள். கசினோக்காரர் அதை வெல்லுகிற ஒரு ராசாவை முன்னால் வைத்து, பின்னாலும் வென்று, எல்லாருடைய பிஸ்கட்டையும் அள்ளிக்கொண்டார். ஒரே கூச்சல்.

அப்போது மூலையில் படுத்துக் கிடந்த அத்தான் எழும்பி உட்கார்ந்தார். "ஜாக்க விட ராசா பெரிசா? ஆர் சொன்ன?"

முந்நூற்றிநாலில் ஊரையே ஓடவிட்ட மனுசன். அவருக்கு ரோசம் வந்துவிட்டது! எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. எழுந்து வந்து குந்தினார். தன் பங்குப் பிஸ்கட்டைப் பந்தயமாக வைத்தார். ஏழு காட்ஸை வாங்கி, எல்லாரும் சொல்லச் சொல்ல, பிடிவாதமாக ஜாக்கையும் ஒன்பதையுமே முன்னால் வைத்தார். கசினோக்காரர் முன்னால் ராசா. அத்தான் பிஸ்கட்டை அவர் பக்கம் தள்ளிவிட்டு எழும்பப் பார்த்தார்.

"பொறுங்க அண்ணன், பின்னாலயும் பாருங்க," என்றார் கசினோக்காரர்.

பின்னால் அத்தானிடம் மூன்று பத்து இருந்தது. கசினோக்காரரிடம் வெறும் இரண்டு எட்டு.

"முன்னால போயிற்று, பின்னால நிண்டிற்று. ஒண்டு போய் ஒண்டு நிண்டா இதில தோல்வியில்ல. உங்கட பிஸ்கட்ட நீங்களே எடுங்க."

அவர் விளையாட்டைத்தான் சொன்னார். அத்தானோ அந்தப் பிஸ்கட்டைக் கையில் எடுத்து, "பின்னால நிண்டிற்று" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு மெல்லத் திரும்பி, என் மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தார்.

"மகள், இஞ்ச வா."

அவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். போனாள். பிஸ்கட்டை அவள் கையில் கொடுத்தவர், அவளை இறுகக் கட்டிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். கடல் வந்த நாளிலிருந்து அவர் அழுததே அன்றைக்குத்தான். யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் வான் வந்தது. அத்தானே வாசலுக்குப் போனார். "மன்னிச்சுக்கொள்ளுங்க. புள்ள என்னோட நிக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

யுத்தம் முடிந்த பிறகு கல்குடாவில் வீடு கட்டிக்கொண்டோம். அத்தானின் மகளுக்குக் கல்யாணமாகிவிட்டது. எல்லாரும் கூடுகிற நாளில் பிஸ்கட் வைத்து அதே ஆட்டம்தான். அத்தான் இன்னும் ஜாக்கைத்தான் முன்னால் வைக்கிறார். மகளிடம் ஏச்சு வாங்குகிறார்.

அந்தக் கசினோக்காரர் இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. ஆனால் யாராவது என்னிடம் வந்து எல்லாம் போச்சு என்று அழுதால், நான் உடனே ஆறுதல் சொல்வதில்லை; பின்னால் என்ன நிற்கிறது என்று முதலில் திரும்பிப் பார்க்கச் சொல்கிறேன்.